டீசல் உறைந்த காலை

...இன்னொருமுறை சாவியைத் திருப்பிப் பார்ப்போம், மஞ்சள் லைற் அணையட்டும், பொறு நீக்கிலாஸ், அவசரப்பட்டால் பற்றரியும் செத்துவிடும், அணைந்துவிட்டது, இப்போது... ம்ஹூம், ஆஸ்துமாக்காரன் மாதிரி இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். ரேடியோவில் மைனஸ் இருபத்தாறு என்றான். என் மூச்சே உள்கண்ணாடியில் உறைந்து இந்த ரூஜ் புறநகர்த் தெருவை மறைத்துவிட்டது, பெட்டிக்குள் போட்டு மூடியதுபோல இருக்கிறேன். அங்கே சீமோன், என் கூடப்பிறந்த தம்பி, பஃபலோ எல்லைப் பாலத்தடியில் நிற்பான். மத்தியானத்துக்குள் சொந்தக்காரர் ஒருவர் போகாவிட்டால் எல்லைக்காரர் வந்த பக்கமே திருப்பிவிடுவார்களாம், போனில் அழுதான், "அண்ணை, நிப்பியள்தானே?" ஓம் என்றேன், வேறென்ன சொல்ல? பக்கத்து வீட்டு வின்சன்ற் அண்ணையின் காரைக் கேட்கலாமென்றால் அவர் விடியவே வேலைக்குப் போய்விட்டார். ஊரில், மன்னாரில் என்றால் நாலு பேர் தள்ள இந்த வான் வண்டிச் சனியன் ஓடியிருக்கும், இங்கே டீசல் தேங்காயெண்ணெய்ப் போத்தல் மாதிரி இறுகிவிடும், அதற்குத்தானே எஞ்சினைச் சூடாக வைக்கிற ஹீற்றர், அதன் வயரைப் படுக்கப்போக முதல் நானே பேஸ்மென்ற் யன்னலால் இழுத்துக் கொழுவினேன், பிறகேன் இப்படிக் கல்லாய்க் கிடக்கிறது?

கதவும் இறுகிவிட்டது, தோளால் இடித்துத்தான் இறங்கினேன். வானின் மூக்கிலிருந்து பிளக் வெறுமனே தொங்கியது. வீட்டிலிருந்து இழுத்த மற்ற வயர் யன்னலோரம், கையில் அளந்து சுற்றி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு... காற்று வயரைக் கழற்றலாம், முடிச்சுப் போடுமா? அயர்ன் பெட்டி வயரையும் இப்படித்தான் சுற்றிவைப்பாள் செலீன், என் மனுசி. அடிப்பாவி! போன கிழமை "வரட்டும், பாவம்" என்று சொன்னவள். சொல்லாமல் என்ன செய்வாள், புருசனின் தம்பியை வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? இந்த நாட்டுக்கு முதலில் வந்தவன் வீட்டுக்குத்தான் பின்னால் வருகிறவன் எல்லாம் வரவேண்டும், அது எங்கள் சட்டம். ஊரிலிருந்து வந்த கிளிபோட் எங்களோடு இரண்டு வருசம் இருந்தான், பிறகு அவன் மச்சான். எங்கள் கட்டிலுக்கும் பிள்ளைகளின் மெத்தைக்கும் நடுவில் இன்றைக்கும் ஒரு சேலைதான் மறைப்பு, அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாள்...

யன்னல் திறந்தது. "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது. ஸ்ராட் வரேல்லையோ?" முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "வரேல்லை," என்றேன். அவ்வளவுதானா, நீக்கிலாஸ்? கத்தடா, தம்பி பனிக்குள் நிற்கிறான், கத்து! இப்போது கொழுவினாலும் எஞ்சின் சுட மூன்று மணித்தியாலம், பிறகு பாலத்துக்கு இன்னும் இரண்டு, மத்தியானம் போய்விடும்... வயரைப் பிடித்தபடி கோபத்தைத் தேடுகிறேன், வரவில்லை, நெஞ்சு லேசாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. ராத்திரி கட்டிலில் அவள் பக்கம் வெறுமையாக இருந்ததே, வெளிக்கதவு திறந்த குளிர் என் காலில் பட்டதே, நான் முழித்துத்தானே கிடந்தேன்? எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.