ரெஜினாள் சிஸ்டரின் பொன்விழா

பொன்னிறக் காகிதக் கிரீடம் ஒருபக்கமாகச் சரிய ரெஜினாள் சிஸ்டர் பீடத்தின் முன் நிற்கிறார், பக்கத்தில் வெள்ளிக் கிரீடத்தோடு நான், அவருக்குத் துறவறத்தில் ஐம்பது, எனக்கு இருபத்தைந்து, மடத்துக் கோயிலில் மாதா திருநாள், சாம்பிராணிப் புகை தொண்டையைப் பிடிக்கிறது, ஞாபகம் கழன்றுபோய் என் பெயரையே மாற்றி மாற்றிச் சொல்பவர் வார்த்தைப்பாட்டை எப்படிப் புதுப்பிப்பார் என்ற பதற்றம் எனக்கு, காலையில்கூட இட்லியை ஊட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன், கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல், அவரும் சொன்னார், கீழ்ப்படிதல், கொஞ்சம் சீனி போடு. ஆயர் குனிந்து கேட்கிறார், மகளே, இறைவனிடம் என்ன கேட்கிறாய், சிஸ்டர் மைக்கைப் பார்க்கிறார், பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார், எங்க வீட்டுக்குப் போவணும் சாமி, அப்பாதான் கொண்டாந்து விட்டாவ, என்னைய யாரும் கேக்கல.

பின்வரிசையில் யாரோ சிரித்து நிறுத்தினார்கள், மடத்தின் தலைவி மதர் அல்போன்சா எனக்குக் கண்காட்டினார், உன் வார்த்தைப்பாட்டை நீ ஆரம்பி, நான் வாயைத் திறக்கிறேன், கோயில் மறைந்து முருங்கை மரத்தடி வருகிறது, எனக்குப் பத்தொன்பது வயது, மடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த நவகன்னியர்களுக்கு அப்போது ரெஜினாள் சிஸ்டர்தான் பொறுப்பு, துணி உலர்த்திக்கொண்டே நான் அழுகிறேன், அம்மா ஞாபகமா இருக்கு சிஸ்டர், அவர் கிளிப்பை என் கையில் வைத்துச் சொல்கிறார், போறதுன்னா போ பிள்ளே, கேட் தொறந்துதான் இருக்கு, ஒன்னய யாரும் பிடிச்சு வைக்கல, அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் போகாமல் இருந்துவிட்டேன், அவரிடம் அப்படிச் சொல்ல யாருமே இருக்கவில்லை என்று இன்றுதான் தெரிகிறது, நின்றுகொண்டே இருக்கிறேன், ஆயர் இருமுகிறார், சிஸ்டர் என் பக்கம் திரும்புகிறார், சத்தமா சொல்லு பிள்ளே, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும், நான் வார்த்தைப்பாட்டைச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், யாருடைய குரலில் என்று தெரியவில்லை.

விருந்தில் பிரியாணி மணக்கிறது, எல்லோரும் எங்களோடு படமெடுக்கக் காத்திருக்கிறார்கள், சிஸ்டரின் தம்பி இன்னாசி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார், சிஸ்டர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், கூட்டிட்டுப் போவ வந்தியா, தம்பி என்னைப் பார்க்கிறார், நான் மதரைப் பார்க்கிறேன், ஒரு மணி நேரம் மதர், அவங்க வீட்டக் காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துடறேன், இன்னைக்கா, கேக் வெட்டணுமே, என்கிறார் மதர், பிறகு சிஸ்டரின் முகத்தைப் பார்க்கிறார், வேனை எடுத்துட்டுப் போங்க.

கடற்கரை ஊருக்குள் வேன் நுழைந்ததும் சிஸ்டர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், கருவாட்டு வாசனைக்கு மூக்கை விரித்தார், வந்துட்டு, வந்துட்டு என்றார், ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு, இன்னாசி கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிப்போனார், உள்ள வா அக்கா, ஒன் வீடுதான், சிஸ்டர் படியில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார், உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தார், சுவரில் மாலை போட்ட அப்பாவின் படத்தைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு காலை எடுத்துக்கொண்டு என் காதருகில் சொன்னார், இது யாரு வீடு பிள்ளே, செபத்துக்கு மணி அடிச்சிருப்பாங்க, வா போயிருவோம், இன்னாசி உள்ளேயிருந்து தம்ளரில் கொண்டுவந்த காப்பியைக் கையிலேயே வைத்திருந்தார், வேன் நகரும்போதும் வைத்திருந்தார்.

திரும்பும்போது சிஸ்டர் என் தோளில் தூங்கிவிட்டார், அவர் எதைத் தேடிப் போனார், எதைக் கண்டு திரும்பினார், எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியாது, அம்மா இல்லாத என் ஊருக்குப் போகும் பாதையும் மடத்துப் பாதையும் பிரியுமிடத்தில் டிரைவர் பர்னபாஸ் அண்ணன் வேனை மெதுவாக்கினார், வேற எங்கயும் போவணுமா சிஸ்டர், இல்லண்ணே, வீட்டுக்குத்தான் என்றேன், எந்த வீடு என்று கேட்டுவிடுவாரோ என்று அவரையே பார்த்திருந்தேன், அவர் கேட்கவில்லை, மடத்துப் பக்கம் திருப்பினார்.