கூலிக்காரன் பங்கு

தலாஸ் பக்கம் துண்டுக் காட்டில் பீன்ஸ் போட்டு, மற்ற நாளில் கூலிக்கும் போகிற எர்கெஷின் வீட்டுக்கு, மலைக்கு அந்தப்புறமிருந்து சம்பந்திகள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த கம்மலை மகள் பெர்மெத்தின் காதில் போட்டுவிட்டால் கல்யாணம் உறுதி.

தனக்கு மனநோயுள்ள ஓர் அண்ணன் இருப்பதை எர்கெஷ் அவர்களிடம் சொல்லவே இல்லை. சொன்னால் யார் பெண் எடுப்பார்கள்? அண்ணன் தோலோத்தைக் காலையிலேயே கொட்டகையில் உட்கார வைத்துவிட்டான். ஆனால் அது ஊசி நாள் என்பதை மறந்துபோனான். மாதாமாதம் வீட்டுக்கே வந்து அண்ணனைப் பார்க்கும் நர்ஸ் சூரா, வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வாங்களேன், அக்கா."

"நாள் தள்ளக்கூடாதுப்பா. போன தடவை தள்ளிப்போட்டு என்ன ஆச்சு, ஞாபகம் இல்லையா?"

அதற்குள் உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் வந்தது. "யாரு வாசல்ல? ரொட்டி தொடாம ஆளைத் திருப்பி அனுப்புறீங்களா? இவ்வளவு கஞ்சன்னு தெரிஞ்சிருந்தா வேற வீட்டுக்குப் போயிருப்போமே!"

எல்லோரும் சிரித்தார்கள். சூரா உள்ளே வந்து ஒரு துண்டு ரொட்டி பிட்டுக்கொண்டாள். அவள் குரல் கேட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி தோலோத்தும் வந்து நின்றார்.

"நான் தயார், சூரா. குளிச்சுட்டேன்கூட."

"யாருப்பா இவரு?" என்றார் சம்பந்தி.

எர்கெஷ் பெர்மெத்தின் வெறுங்காதைப் பார்த்தான். "நம்ம கூலிக்காரர். பீன்ஸ் உதிர்க்க வந்தவரு. ஏதோ சத்து ஊசி போட்டுக்கிறாரு."

"கூலிக்காரன்னா வயிறு இல்லையா? பங்கு குடுப்பா."

அங்கே விருந்துக்கு அறுத்த ஆட்டில் ஒவ்வொரு எலும்பும் இன்னாருக்கு என்று இருக்கிறது. வீட்டு மூத்தவனுக்குத் தொடை எலும்பு. எர்கெஷ் யாருக்கும் பங்காகாத நுரையீரலில் ஒரு துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, அண்ணனிடம் ஒற்றைக் கையால் நீட்டினான்.

தோலோத் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருங்க, முதலாளி."

பெர்மெத் நிமிரவில்லை. குனிந்திருந்த காதிலேயே கம்மல் ஏறியது.

சம்பந்திகளின் கார் கிளம்பியதும் எர்கெஷ் கொட்டகைக்கு ஓடினான். ஊசி போட்டுவிட்டு சூரா வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, இல்லக்கா?"

"அப்புறம் எதுக்கு நான் மாசாமாசம் வந்து ஊசி போடுறேன்?" அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாம் புரியுது."

தோலோத் மூட்டையில் சாய்ந்து பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

"எர்கெஷ், கல்யாணத்தன்னைக்குத் தண்ணி தூக்க ஆள் வேணும்ல? கூலிக்காரனாவே வர்றேனே. நம்ம குழந்தை பெர்மெத்தைத் தள்ளி நின்னு பார்த்துட்டுப் போயிடுறேன்."

அண்ணனாகவே வா என்று சொல்லத்தான் எர்கெஷ் வாயைத் திறந்தான். "சரி" என்றான்.