பத்தாம் எண் கம்பிகள்

என் கிட்டாரில் பதினேழு வருடமாகப் பத்தாம் எண் கம்பிதான். ஒரு செட்டில் இருப்பதிலேயே மெல்லிய கம்பியின் எண்ணைச் சொல்லித்தான் கடையில் கேட்போம். பத்து என்றால் மெலிசு, விரல் பறக்கும். கனமான இசைக்குக் கனமான கம்பி வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கனம் கையில் இருக்கிறது என்பேன். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

மலேசியாவில் கூலாய் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் மெட்டல் என்கிற அந்தக் கனமான இசையை வாசித்தோம். நான், டிரம்ஸ் அடிக்கும் பைரோஸ், பாடும் ரூபினி. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் ரூபினிக்குச் சுருதி என்றால் என் கிட்டார் ஒன்றுதான்.

போன வருடம் அவள் கழுத்திலிருந்து தைராய்டு கட்டியை எடுத்தார்கள். மூன்று மாதம் பேச்சே வெறும் காற்றாக வந்தது. பிறகு குரல் திரும்பியது, ஆனால் அடியில். மேலே போக முடியவில்லை. எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. பாட்டுகளையெல்லாம் அவளுக்காக இரண்டரைக் கட்டை இறக்கினேன்.

கம்பியை மட்டும் மாற்றவில்லை.

"இவ்ளோ எறக்கினா தொளதொளன்னு ஆடுது சுகு. தடியா ஒரு செட் போட்டுப் பாரேன் லா," என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

தடித்த கம்பி போட்டால், கிட்டார் கழுத்தின் நுனியில் அது உட்காரும் பள்ளங்களை அரத்தால் ராவி அகலப்படுத்த வேண்டும். அதன்பிறகு பழைய கம்பி அதில் சரியாக உட்காராது. என் கிட்டாரில் அரம் வைப்பதா?

"டியூனர்ல முள்ளு நடுவுலதான் நிக்குது, சுருதி சரிதான். நீ பாடுறத பாரு," என்றேன்.

நான்கு வாரப் பயிற்சியிலும் அவள் குரல் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றது. ஜொகூர் பாருவில் மேடை ஏற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பைரோஸும் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தான். ஐந்தாவது வாரம் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு நான் சொன்னேன்: "தொண்டையில கத்தி வச்சாச்சு. எல்லாம் பழைய மாதிரி வரும்னு எதிர்பாக்க முடியாது."

ரூபினி மைக் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள். ஜொகூர் பாரு மேடையைக் கைவிட்டோம். வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் தேவாரம் பாடுவதையும் விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் டியூனரை அணைக்க மறந்து வாசித்துக்கொண்டிருந்தேன். கீழ்ச்சுருதிக் கம்பியை ஓங்கி அடித்ததும் முள் விருட்டென்று மேலே ஏறி, மெல்ல நடுவுக்கு இறங்கியது. மறுபடி அடித்தேன். மறுபடி ஏறியது. சுருதி சேர்க்கும்போது கம்பியைப் பூப்போலத் தொடுவேன். பாட்டில் மண்வெட்டி பிடித்தவன் போல அடிப்பேன். தொய்ந்துபோன மெல்லிய கம்பி ஒவ்வொரு அடிக்கும் மேலே ஏறியிருக்கிறது. ரூபினி சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறாள்.

அன்றே பதின்மூன்றாம் எண் கம்பி வாங்கி, பள்ளங்களை ராவினேன். ஞாயிற்றுக்கிழமை கிட்டாரையும் சின்ன ஆம்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு செடெனாக்கில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தப்பு என் மேல. ஒன் குரல்ல ஒண்ணுமே இல்ல."

அவள் கை கழுத்துத் தழும்புக்குப் போனது. "அடி," என்றாள்.

ஆம்பைச் சொருகி ஓங்கி அடித்தேன். சுருதி அசையவில்லை. அவள் பாடினாள். நீளமாக, மூச்சு தீரும்வரை. அப்படியே பொருந்தியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தியா! வர்ற சனிக்கிழமை பயிற்சிக்கு வந்துரு லா. பைரோஸ்கிட்ட சொல்லிட்டேன்."

அவளும் அழுதுகொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குரல் போச்சுன்னு நெனச்சப்போ கூட தாங்கிக்கிட்டேன் சுகு. அஞ்சு வாரம் பாடினேன். அந்தக் கிட்டார் மேல ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு தடவ கூட சந்தேகம் வரல. என் மேல மட்டும் ஒடனே வந்துச்சு."

நான் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றினேன்.

"நான் பாடுவேன்," என்றாள் ரூபினி. "ஒங்களோட இல்ல."

ஆம்பின் ஒயரை அவளே பிடுங்கிச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.