மூன்று கறவை

சென்னியப்பனிடம் ஒரு பொருளை விற்பது என்றால் லேசுப்பட்ட காரியமா? கோவிந்தாபுரம் பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குக்கர் விற்க வந்த ஒருவன், தன் கைக்காசில் பருப்பு வாங்கி வேகவைத்தெல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் குக்கரைத் தூக்கிக்கொண்டே திரும்பிப் போனான். பருப்பை மட்டும் வீட்டில் சாப்பிட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், கம்ப்யூட்டர் வாங்கித் தந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் அவருடைய ஒரே மகள் தமிழ்ப்ரியா.

அவள் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. முதல் வருஷம் படிக்கிறாள். அங்கே மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். இவள் ஊர் பஸ் போய்ச் சேருவதற்குள் மற்ற இரண்டு பேரும் நாற்காலியைப் பிடித்துவிடுவார்கள். இவள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். ஆறு மாசம் இப்படியே நின்று பார்த்ததில், முதல் பரீட்சையில் பிராக்டிகல் பேப்பர் ஊற்றிக்கொண்டது. மார்ச்சில் மறுபடி எழுத வேண்டும். இந்த விஷயத்தை அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. ரிசல்ட் வந்துவிட்டதா என்று அம்மா ராசம்மாள் கேட்டபோது இரண்டு பக்கமும் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தாள். ராசம்மாள் அதைப் பாஸ் என்று எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் நாலு வீட்டுக்கு ஜிலேபி கொடுத்துவிட்டாள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். தமிழ்ப்ரியா அழுது பார்த்தாள். ஒரு டம்ளர் மோர்தான் கிடைத்தது. பட்டினி கிடந்து பார்த்தாள்; இரண்டாம் வேளை அம்மா பச்சைப்பயறு கடைந்துவிட்டாள், அந்த வாசனைக்கு முன்னால் எந்த வைராக்கியம் நிற்கும்? மாமன் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அப்பாவிடமிருந்து ஒரே பதில்தான்.

"போன் இருக்குதல்ல? அதுல பாரு."

இப்படி இருக்கையில், தைமாசம் பிறந்து பத்து நாள் கழித்து ஒரு தரகன் சந்தையிலிருந்து செவலை மாடு ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். சென்னியப்பனுக்கு மாட்டு விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. அவர் அப்பன் காலத்திலிருந்து வருகிற சட்டம். மாட்டைக் கொண்டுவந்து கட்டுத்தறியில் கட்டிவிட வேண்டும். சாயங்காலம் ஒரு கறவை, காலையில் ஒரு கறவை, மறு சாயங்காலம் ஒரு கறவை. மூன்று கறவை பார்த்துப் பிடித்திருந்தால் மாடு நிற்கும், அது கட்டியிருந்த கயிறு மட்டும் விற்றவனிடம் திரும்பிப் போகும். மாட்டோடு கயிற்றையும் கொடுத்தால் விற்றவன் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போய்விடுமாம். வாங்கியவர் புதுக்கயிறு வாங்கிக் கட்டிக்கொள்வார். பிடிக்கவில்லை என்றால் மாடும் கயிறும் சேர்ந்தே நடையைக் கட்டும்.

தரகன் அந்த மாட்டைப் பற்றிப் பேசாத பேச்சு இல்லை. லட்சுமி என்றான், காமதேனு என்றான். இரண்டாம் கறவையில் சென்னியப்பன் ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தித் தரகனை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், அவன் பேச்சு நின்றுபோயிற்று.

"ஒரு காம்பு அடப்பு."

"அது வந்துங்ணா…"

"மொதல்லயே சொல்லீருந்தீன்னா நான் நீவி உட்டுச் சரி பண்ணிக்குவனே! கொற இல்லாத மாடு எங்கடா இருக்குது? கொறயச் சொல்லாம விக்கறவன்கிட்ட நான் கோழிக்குஞ்சு கூட வாங்கமாட்டேன். மாடு, கயிறு ரெண்டையும் ஓட்டிட்டுப் போ!"

தரகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். பால் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற தமிழ்ப்ரியாவுக்கு அப்போதுதான் பளிச்சென்று புத்தியில் பட்டது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். இத்தனை நாளாக அவள் தப்பான ராகத்தில் அல்லவா பாடிக்கொண்டு இருந்திருக்கிறாள்!

"ஏனுங்ப்பா, கம்ப்யூட்டரையும் மூணு கறவ பாத்துட்டு வாங்கிக்கலாங்களா?"

சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொந்தச் சட்டத்தை எப்படி மீறுவது? ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"சரி. கொண்டாந்து கட்டு. கறக்குதான்னு பாக்கலாம்," என்றார் அவர்.

கொல்லங்கோட்டில் முஸ்தபா பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்து விற்கிறான். தமிழ்ப்ரியா போய் விஷயத்தைச் சொன்னதும் கடை அதிரச் சிரித்தான்.

"எங்கத்தாவும் மாட்டு யாவாரந்தான் அம்முணி. சென்னியப்பண்ணனோட மூணு கறவயப் பத்தி எங்கூட்ல பேசாத நாளே கெடயாது. இந்தா, கறுப்பு லேப்டாப்பு. புடிக்கலீன்னா ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள திருப்பிக் கொண்டாந்து கட்டீரு. கொறயையும் இப்பவே சொல்லீர்றேன், பேட்டரி ரெண்டு மணி நேரந்தான் நிக்கும். ஒயர மாட்டியே வெச்சுக்கோணும்."

இதை அப்பாவிடம் சொல்வானேன் என்று தமிழ்ப்ரியா அப்போதே முடிவு செய்துவிட்டாள். நல்லதைச் சொல்லி விற்பதுதானே சாமர்த்தியம்? அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் கறவை. சென்னியப்பன் கை கால் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். தடவிக்கூடப் பார்த்தார்.

"எத்தனாவது ஈத்து?" என்றார், எத்தனை கன்று போட்டது என்று மாட்டுக்குக் கேட்கிற மாதிரியே.

"ரெண்டாவதுங்ப்பா. ஏற்கெனவே ஒருத்தர் வெச்சிருந்தது."

"ஒடம்பு சுடுதே. காச்சலா?"

"வேல செஞ்சாச் சுடுங்ப்பா."

"இது கயிறாக்கும்?" சார்ஜர் ஒயரை இழுத்துப் பார்த்தார். "நல்ல கயிறுதான்."

தமிழ்ப்ரியா கல்லூரியில் எட்டிப் பார்த்து எழுதிவைத்த புரோகிராம் ஒன்றைத் தட்டித் தடவி அடித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் திரையில் நட்சத்திரங்கள் வரிசை வரிசையாக விழுந்து கோபுரம் மாதிரி நின்றன. அவளுக்கு அழுகை வராத குறை, அத்தனை சந்தோஷம். முதல் முறையாகத் தன் விரலாலேயே செய்திருக்கிறாள்!

ராசம்மாள் எட்டிப் பார்த்தாள். "கோலமா? பத்துப் புள்ளில நான் இத அஞ்சு நிமிசத்துல போட்டுருவனே."

"இதுல பாலெங்க?" என்று எழுந்து போய்விட்டார் சென்னியப்பன். முதல் கறவை வறட்டுக் கறவை.

சனிக்கிழமை காலையில், பால் சொசைட்டிக்குப் போய்விட்டு வந்த சூட்டோடு இரண்டாம் கறவை. இம்முறை தமிழ்ப்ரியா உஷார். வெளிநாட்டு மாட்டுப் பண்ணை ஒன்றின் படத்தை ஓடவிட்டாள். அடடா, சென்னியப்பனைப் பார்க்க வேண்டுமே! காப்பி ஆறிப்போனது தெரியவில்லை. "அந்த மடியப் பாரு ராசம்மா, மடியப் பாரு!" என்று கத்தினார். மிஷினை மாட்டிக் கறக்கிறவனைப் பார்த்து, "அடேய், மொதல்ல கண்ணுக்குட்டிய உடுடா!" என்று அதட்டினார். தமிழ்ப்ரியா மனசுக்குள் லேப்டாப்புக்குப் பொட்டே வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது. சந்தோஷத்தில் ஒயரை மாட்ட மறந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"கரண்ட்டு போயிருச்சுங்ப்பா," என்றாள் சட்டென்று.

சென்னியப்பன் மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "படம் பாக்கறதுக்குப் போனே போதும்," என்றபடி எழுந்து போனார்.

அன்று முழுக்கத் தமிழ்ப்ரியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் ஒரே ஒரு கறவை. மழை எப்போது வரும், மாங்காய்க்கு என்ன மருந்து அடிக்கலாம், தீவனம் எங்கே மலிவு, பஞ்சாயத்தில் என்ன மானியம் என்று அப்பாவுக்கு ஆகிற சங்கதிகளாகத் தேடித் தேடி எடுத்துவைத்தாள். போதாததற்கு மாரியம்மனுக்குத் தேங்காயும் நேர்ந்துகொண்டாள்.

சாயங்காலம் வந்தது. சென்னியப்பன் அதே இடத்தில் வந்து குந்தினார். ராசம்மாள் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழ்ப்ரியா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அப்பா, இது இருந்தா உங்களுக்கு எவ்வளவு பிரயோசனம் தெரியுங்களா? மழ வர்றத மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லீரும். மாங்காய்க்குப் பூச்சி விழுந்தா…"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். அப்பா திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். செவலையின் காம்பைப் பிடித்துக்கொண்டு தரகனைப் பார்த்தாரே, அதே பார்வை. லட்சுமி, காமதேனு என்று தானும் அடுக்கிக்கொண்டிருப்பது அவள் காதிலேயே விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"அப்பா, இது உங்களுக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாதுங். நான் சொன்னதெல்லாம் போன்லயே வரும். இதோட பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்காது. முஸ்தபாண்ணன் அப்பவே சொன்னாரு, நாந்தான் மறச்சுட்டேன். காத்தால கரண்ட்டும் போகலீங்."

"தெரியும். ஃபேனு சுத்துச்சு," என்றார் சென்னியப்பன்.

"இது எனக்குத்தானுங்ப்பா வேணும்." மூடின லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "போன பரீட்சைல பிராக்டிகல்ல நான் தோத்துட்டேன். அம்பதுக்குப் பதினொண்ணு. காலேஜுல மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டருங். நான் போறதுக்குள்ள ரெண்டு பேரு உக்காந்துக்குவாங்க. ஆறு மாசமா நின்னேதான் பாத்துட்டிருக்கேன். நின்னு பாத்தாக் கறவ பழகுமாங்ப்பா? மார்ச்சுல மறுபடி எழுதோணும். அதுலயும் தோத்துப் படிப்ப உட்டுருவனோன்னு பயமா இருக்குது. எனக்கு இந்தப் படிப்பு ரொம்பப் புடிச்சிருக்குதுங்ப்பா. நேத்து அந்த நச்சத்திரம் வந்துச்சே, அது நானாப் போட்டதுங்."

முறம் ராசம்மாள் மடியிலிருந்து நழுவியது. "அடிப்பாவி! நாலு ஊட்டுக்கு ஜிலேபி குடுத்தனேடி! இப்ப திருப்பி வாங்கற பண்டமா அது?"

சென்னியப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கட்டுத்தறிக்குப் போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சோற்றுக்கு உட்கார்ந்தபோதும் ரசம் போதும் என்றாரே தவிர வேறு பேச்சில்லை. போனது போனதுதான் என்று தமிழ்ப்ரியா தேற்றிக்கொண்டாள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் அன்று படுத்ததும் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். லேப்டாப்பைத் துடைத்துப் பையில் வைத்தாள். ஒயரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கல்யாணம் காட்சிக்குத் தவிர அந்தச் சட்டை பெட்டியை விட்டு வெளியே வராது. யார் வீட்டு விசேஷமோ என்று நினைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

"அம்முணி."

"ஏனுங்ப்பா?"

"அந்தக் கயித்த மட்டும் குடுத்துட்டு வந்தாப் போதும்."

கையில் இருந்த ஒயரைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தரகன் அன்றைக்கு இரண்டையும் அல்லவா கொண்டுபோனான்! கயிறு மட்டும் போனால், மாடு?

"மாடு நிக்கட்டும்," என்றார் சென்னியப்பன், எங்கேயோ தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டு. "மூணாவது கறவைலதான் பால் வந்துச்சு. ஒரு காம்பு அடச்சிருந்தா என்ன? தெனமும் நீவி உட்டாத் தொறந்துக்கும். மார்ச்சுக்கு இன்னும் நாளிருக்குதல்ல?"

தமிழ்ப்ரியா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராசம்மாள் உள்ளேயிருந்து, "இந்தத் தடவ மார்க்கக் கண்ணுல பாத்துட்டுத்தான் ஜிலேபி!" என்று சத்தம் போட்டாள்.

அப்போதுதான் தமிழ்ப்ரியாவுக்குச் சுருக்கென்று உறைத்தது.

"ஐயோ அப்பா! இந்தக் கயிறு இல்லாம இது ஒரு சொட்டுக் கறக்காதுங்!"

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" சென்னியப்பன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்பறம் எதுக்கு நான் சட்ட போட்டுட்டு நிக்கறேன்? புதுக்கயிறு வாங்கோணுமல்ல. நட, பஸ்ஸு வந்துரும்."