இடது பாதியில் ரமாபாய்

1999 ஆடியில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் விளம்பரப் பலகை ஒன்றில் வரையப்பட்ட ரமாபாயின் முகம், அதன் பிறகு பதினோரு முறை மறைக்கப்பட்டு பதினோரு முறையும் மேலே வந்தது. முதலில் பிஸ்கட் விளம்பரம் வரைந்தார்கள். மூன்றாம் நாள் காலை, பிஸ்கட் தின்னும் குழந்தை இருந்த இடத்தில் ரமாபாய் இருந்தாள். அடுத்து சிமெண்ட், அதற்கடுத்து பிரஷர் குக்கர். 2002இல் பிளெக்ஸ் வந்தபோது இனி சிக்கலில்லை என்றார்கள். அதிலும் வந்தாள், ஒரு நாள் தாமதமாக. முகத்துக்குக் கீழே 'முன்' என்ற சொல்லும் ஒவ்வொரு முறையும் கூடவே வந்தது.

ராயபுரத்தில் இருந்த அந்த விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் சங்கரநாராயணன். மற்றவன் ரமாபாயின் மகன் பகலவன். முகத்தை வெளுக்கவைக்கும் முழுநிலா கிரீமுக்கு யாருடைய யோசனை தேறுகிறதோ அவனுக்குத்தான் கண்ணாடி அறை என்று முதலாளி கருணாகரன் சொல்லியிருந்தார். 'முன்', 'பின்' என்று காட்ட ஒரே நடிகைக்குப் பாதி முகத்தில் மை பூசிப் படம் எடுக்கலாம் என்றான் சங்கரநாராயணன். பகலவன் 'முன்' பாதிக்கு நிஜ முகம் வேண்டும் என்று சொல்லி, மறுநாள் ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தான். "யாருப்பா இந்தம்மா?" என்றார் கருணாகரன். "எங்க தெருவுல ஒரு ஆயாம்மா சார்." ரமாபாய் பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். ஆகவே இது முழுப் பொய் ஆகாது என்று பேருந்திலேயே முடிவு செய்துவைத்திருந்தான்.

பலகையை வரைந்தவர் வேலப்பன். சாரத்தில் நின்றபடி, "போட்டோல இத்தினி கறுப்பு இல்லியே சார்?" என்று கேட்டார். கீழே நின்ற பகலவன், "இன்னும் கொஞ்சம் அடிண்ணா" என்றான். மூன்று முறை சொன்னான். கண்ணாடி அறை அவனுக்குக் கிடைத்தது.

தன் முகம் விளம்பரத்தில் வருகிறது என்பதை மட்டும் அறிந்திருந்த ரமாபாய், வியாசர்பாடிக் குடியிருப்பில் மூன்று மாடிக்கும் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துக்கொண்டு எட்டுப் பெண்கள் அவளோடு பேருந்து ஏறினார்கள். பலகையின் வலது பாதியில் வெளுத்த ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். இடது பாதியில் ரமாபாய். "வெயிலு ஜாஸ்தியா கீது. வூட்டுக்குப் போலாம் வாங்கடி" என்றாள் அவள்.

அன்று மாலை மகன் வந்ததும், பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு எழுந்து நிற்பதுபோல எழுந்து நின்றாள். "சாப்புடுறீங்களா சார்?" என்றாள். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். ஆறு வருடம் அப்படியே அழைத்தாள். அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது நெற்றியில் ஈரத்துணி போட்டு, "வலிக்குதா சார்?" என்று கேட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் வேலப்பனின் ஏணியில் ஏறி 'முன்' என்ற சொல்லைச் சுரண்டிவிட்டு வருவான். அடுத்த ஞாயிறுக்குள் அது திரும்பியிருக்கும்.

2005 ஐப்பசியில் பன்னிரண்டாவது விளம்பரத்துக்காகக் கூடினார்கள். சங்கரநாராயணன்தான் சொன்னான், அந்த முகத்தை இனி மறைக்க வேண்டாம், சனங்கள் நின்று பார்ப்பதே அதைத்தான் என்று.

"அது எங்கம்மா" என்றான் பகலவன்.

கருணாகரன் மின்விசிறியைப் பார்த்தார். சங்கரநாராயணன் பேனாவை மூடினான். "தெரியும்பா. அதே மூக்கு. போட்டோ வச்ச அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தோம்."

கண்ணாடி அறையில் அன்று எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அவன் முகம் வெளியே எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றான்.

"ஆபீஸ்ல சொல்லிட்டேம்மா."

"இன்னான்னு சார்?"

"நீ எங்கம்மான்னு. கறுப்பா அடிக்கச் சொன்னது நான்தாம்மா."

ரமாபாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பொறுக்கினாள்.

"அது எனுக்குத் தெரியும். வேலப்பன் சம்சாரம் மூணாவது மாடிலதான கீறா" என்றாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள். "உள்ள வந்து குந்து நைனா. நிக்காத."

அந்த வாரம் மழை பெய்தது. 'முன்' என்ற சொல் கரைந்து சாக்கடையில் போனது. முகம் அங்கேயே இருக்கிறது. பலகையை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் இப்போது வலது பாதியை மட்டுமே கேட்கிறார்கள்.