எண்ணெய் குடித்த தோல்

அத்தான் படியேறி வரும் முன்பே எண்ணெய் நாற்றம் வந்துவிட்டது. தையல் மேசையில் குனிந்திருந்த அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று தெரியும். லெதர் ஜாக்கெட்டுகளைப் பழுதுபார்த்தே காலம் தள்ளுகிறவளின் மூக்கை ஏமாற்ற முடியாது. அதிலும் இந்த ஜாக்கெட்டை அவள் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடுவாள்.

அதைத் தைத்தவள் அவளுடைய அக்கா. பட்டறையை இருவரும் சேர்ந்து நடத்திய காலத்தில் கணவருக்கென்று அளவெடுத்து வெட்டித் தைத்தது. அக்கா இறந்துபோன பிறகு அத்தான் ஞாயிறு தவறாமல் அதற்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் விரல் நுனியில் தொட்டுத் தடவினால் போதும் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவரும் தலையாட்டுவார். அடுத்த ஞாயிறு மறுபடி கிண்ணமும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்.

பழுப்பாக இருந்த தோல் இப்போது கறுத்து, மழையில் நனைந்த அட்டை போலத் துவண்டு மேசையில் கிடந்தது. உள்துணியில் திட்டுத் திட்டாகக் கறை. ஜாக்கெட்டின் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அக்குளில் தையல் விட்டிருந்தது. நூலை நகத்தால் நெருடினாள். ஈரப் பஞ்சாகப் பிரிந்து வந்தது.

லேசாகத்தான் விட்டிருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் ஒரு தையல் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார் அத்தான்.

பருத்தி நூல் எண்ணெயில் ஊறி எல்லா இடத்திலும் இற்றுப்போய்விட்டது, மொத்தத்தையும் பிரித்து, எண்ணெயை இறக்கி, புது நூலில் தைக்காவிட்டால் ஒரு நாள் கழற்றும்போது ஜாக்கெட் கை தனியாகக் கழன்று வந்துவிடும் என்று அவள் விளக்கினாள். பொறுமையாகத்தான் விளக்கினாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இப்படித் திரும்பிக்கொண்டால் அக்கா சிரிப்பாள். இவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"அவ தைச்சதைப் பிரிக்கக் கூடாது," என்றார் கடைசியில்.

"நான் எங்க பிரிக்கிறேன் அத்தான்? நீங்கதான் வாரா வாரம் எண்ணெய் ஊத்திப் பிரிச்சு வெச்சிருக்கீங்க."

சொல்லியிருக்க வேண்டாம். அவர் எழுந்து வாசல்வரை போனார். திரும்பிப் பார்க்காமலே, என்னமோ பண்ணு, ஆனால் என் கண் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

உள்துணியைக் கழற்றினாள். எண்ணெயை உறிஞ்சச் சாக்கட்டிப் பொடியைத் தூவிக் காகிதத்தில் சுற்றி வைத்தாள், காகிதம் ஊறியதும் மாற்றினாள், மறுபடி ஊறியது. மாற்றும்போதெல்லாம் அத்தானைத் திட்டினாள். ஒருவழியாகத் தோலுக்குத் தன் நிறம் திரும்பியதும் பழைய நூலை உருவி எடுத்தாள். அப்போதுதான் அக்காவின் ஊசி ஓட்டைகள் துலங்கின.

முதுகில் நேர்க்கோடாக இறங்கிய ஓட்டைகள் அக்குள் வளைவுக்கு வந்ததும் தாறுமாறாகப் போயிருந்தன. ஓரிடத்தில் அகலம், அடுத்த இடத்தில் நெரிசல். வளைவு என்றாலே அக்காவுக்கு அவசரம். கேட்டால், "அக்குளைத் தூக்கிக் காட்டிக்கிட்டா தெருவுல நடக்கப்போறாரு?" என்பாள்.

துணியாக இருந்தால் பிரித்து நேராக்கிவிடலாம். தோலில் விழுந்த ஓட்டை மூடாது. பக்கத்தில் புதிதாகக் குத்தினால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்து வந்துவிடும். இயந்திர ஊசி பழைய ஓட்டை பார்த்து இறங்காது. ஆகவே இரண்டு ஊசி கோத்து, ஓட்டை ஓட்டையாக, கையால்தான் தைத்தாக வேண்டும். வாழ்நாளில் ஒரு தையலைக்கூடக் கோணலாகப் போட்டிராதவள், அக்காவின் அவசரத்தை அடிபிறழாமல் பின்தொடர வேண்டியதாயிற்று.

"கொஞ்சம் நிதானமா ஓட்டியிருந்தா என்னக்கா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

பட்டறையில் யாரும் இல்லை. ஊசியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அக்கா போனதிலிருந்து அவளோடு ஒரு தடவையும் சண்டை போடவில்லை என்று தோன்றியது. பிறகு அடுத்த ஓட்டையில் ஊசியை இறக்கினாள்.

ஜாக்கெட்டை வாங்க அத்தான் வந்ததும் முதலில் அக்குளைத்தான் பார்த்தார். விரலால் தடவினார்.

"இங்க கோணலா இருக்குமே," என்றார். "அப்படியேதான் இருக்கு."

"அவ ஓட்டையிலதான் தைச்சேன். வேற வழியில்லை."

அவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். இனி எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவே கூடாது என்றாள் அவள். இன்னொரு தடவை ஊறினால் தோலே கிழியும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னாள். அவர் தலையாட்டவில்லை.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது?"

வாதாடுகிற குரல் இல்லை, தெரியாமல்தான் கேட்டார். அவளிடம் சேர்த்து வைத்திருந்த திட்டு நிறைய இருந்தது. அதை விட்டுவிட்டு, மேசையில் கிடந்த துணியைக் காட்டினாள்.

"காஞ்ச துணியால துடைங்க. வெறும் துணி."

"வெறும் துணியா?"

"வெறும் துணி."

ஞாயிறு காலையில் போன் அடித்தது. பழைய பனியன் ஆகுமா, மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா, காலரை மடித்துத் துடைப்பதா விரித்துத் துடைப்பதா என்று வரிசையாகக் கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கேள்விகள் தீர்ந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. தோலில் துணி உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அழுத்தித் தேய்க்கிறார் மனுஷன்.

"மெதுவா அத்தான்," என்றாள்.