நடுவில் அடைத்த காற்று

இருபத்து மூவாயிரத்து நானூறு வெள்ளி என்றான் குகனேஸ்வரன். ஒன்பது சன்னலுக்கு. தானா ராத்தா டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சட்டைப் பையில் மூன்று பேனா செருகியிருக்கிற ஆளை நான் நம்புவதில்லை.

“ரெட்டைக் கண்ணாடி அங்கிள். ரெண்டுக்கும் நடுவுல காத்து. குளிர் வராது, லோரி சத்தம் வராது.”

“நடுவுல காத்த அடைச்சு அதுக்கும் காசு வாங்கறியா?”

“காத்து ஃப்ரீ லா அங்கிள். அடைக்கறதுக்குத்தான் காசு.”

என் மகள் கங்கா சிரித்துவிட்டாள். அவளுக்கு நாற்பது வயது. கல்யாணம் வேண்டாம் என்று ஓட்டலில் வேலை பார்க்கிறாள். சன்னலுக்குக் காசு அவளுடையது. அதனால் என் பேச்சுக்கு அவ்வளவாக மதிப்பில்லை.

“எட்டு சன்னல மாத்து. இது ஒண்ணு இருக்கட்டும்” என்று ரோட்டைப் பார்த்த முன்னறைச் சன்னலைக் காட்டினேன்.

“இதத்தான் ப்பா முதல்ல மாத்தணும். தட்டுற சத்தம் எனக்கு வேணாம்.”

“காத்துல ஆடுது.”

“காத்துக்கு நாலு மணி தெரியுமா?”

குகனேஸ்வரன் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு தாளில் ஒன்பது என்றே எழுதினான்.

இது தேயிலைத் தோட்டத்துப் பழைய கிராணி வீடு, குமாஸ்தாவுக்குக் கட்டியது. ரிங்லெட் ஊருக்கு மேலே, மலை ரோட்டோரம். பலகைச் சுவர், வெள்ளைக்காரன் காலத்து மரச்சட்டக் கண்ணாடிச் சன்னல்கள். தேயிலை ஃபேக்டரியில் நான் மிஷின் பார்த்ததால் இங்கே குடிவைத்தார்கள். வேலை முடிந்தபோது இந்த வீட்டையே கேட்டு, சேமநிதிக் காசு முழுவதையும் கொட்டி வாங்கினேன். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை.

என் சம்சாரம் ரஞ்சிதம் செத்து முப்பத்தோரு வருசம் ஆகிறது. அன்று மதியம் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக ரோட்டில் போன ஒரு கெரெத்தாவை, வாடகைக் காரை, நிறுத்தினேன். டிரைவர் முப்பது வெள்ளி கேட்டான். அவசரத்தைப் பார்த்து ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். பேரம் பேசினேன். சன்னலில் நின்று ரஞ்சிதம் கண்ணாடியைத் தட்டினாள். இரு என்று கையைக் காட்டினேன். மறுபடியும் தட்டினாள். திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினேன். முப்பதை இருபதாக இறக்கிவிட்டு உள்ளே போனேன். சன்னலடியில் கிடந்தாள். மணி நாலு.

செத்தது அடைப்பு நட்சத்திரத்தில் என்றார் கோயில் பண்டாரம். அப்படிச் செத்தவரை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, எடுத்தால் திரும்பி வருவார்கள் என்பது எங்கள் வழக்கம். சுவரை உடைத்து, அந்த வழியாக எடுத்து, உடனே அடைத்துவிட வேண்டும். தோட்டத்து வீட்டில் சுவரை உடைக்க மேனேஜர் விடவில்லை. ஆகையால் அந்தச் சன்னலைக் கழற்றி அது வழியாகத்தான் எடுத்தோம். மறுபடி பொருத்தி ஏழு ஆணி அடிக்கச் சொன்னார் பண்டாரம். அத்தனை பேர் பார்க்க அடித்தேன்.

எட்டாம் நாள், கங்கா பள்ளிக்கூடம் போனபின் ஏழையும் பிடுங்கினேன். தலைகளை வெட்டி, மெழுகு வைத்து அந்தந்த இடத்தில் ஒட்டினேன். சன்னல் கொக்கியையும் எடுத்துவிட்டேன். வந்தால் வரட்டும் என்றுதான்.

வந்தாள். ஒவ்வொரு நாளும் இல்லை. மூடுபனி இறங்கும் நாளில், நாலு மணிக்கு, இரண்டு தட்டு. வெளியே நின்று உள்ளே வரத்தான் தட்டுகிறாள் என்று நினைத்தேன். தள்ளித் திறந்து வைப்பேன். பனிதான் உள்ளே வரும்.

நவம்பரில் வேலைக்காரர்கள் வந்தார்கள். முன்னறைச் சன்னலில் ஒருவன் உளியை வைத்ததும் ஆணித் தலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

“அங்கிள், இந்த ஆணிக்கெல்லாம் கால் இல்ல” என்றான் குகனேஸ்வரன்.

நான் கங்காவைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும் ப்பா” என்றாள். “பன்னெண்டு வயசுல தூசி தட்டறப்ப ஒண்ணு கையோட வந்துச்சு. நான்தான் திருப்பி ஒட்டினேன்.”

“அப்பவே கேக்க வேண்டியதுதானே?”

“அம்மாவா தட்டறதுன்னு கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்கன்னு பயம்.”

பழைய சன்னல்களைக் குப்பைக்குக் கொண்டுபோகிறேன் என்றான் குகனேஸ்வரன். பழசுக்கு ஆசைப்படுகிற ஓட்டல்காரனுக்கு விற்பான் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் பின்னால் அடுக்கச் சொன்னேன்.

புதுக் கண்ணாடி போட்டபின் வீடு செத்துவிட்டது. லோரி வாயைத் திறந்து போனது, சத்தம் இல்லை. மழை கண்ணாடியில் வழிந்தது, சத்தம் இல்லை. நாலு மணிக்குக் காதைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். கங்காவுக்கு நல்ல தூக்கம். சமைக்கும்போது பாட ஆரம்பித்தாள். பதினோரு நாள் இப்படியே போனது.

பன்னிரண்டாம் நாள் பாக்கிக் காசு வாங்க குகனேஸ்வரன் வந்தான். செருப்பெல்லாம் சேறு என்று ரோட்டிலேயே நின்றான். மூடுபனி இறங்கிவிட்டது. பாக்கி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்; கங்கா கொடுத்த மூவாயிரம் என் கையில் இருந்தது.

“ரெண்டு கைப்பிடி இறுகுது. எரநூறு கொறச்சுக்க.”

“அங்கிள், எண்ணெய் விட்டாப் போதும் லா.”

“எண்ணெய்க்கு எவன் காசு குடுப்பான்?”

அவன் என் தோளுக்கு மேலே பார்த்தான். “உள்ள கூப்பிடறாங்க அங்கிள். கண்ணாடியத் தட்டறாங்க.”

இரு என்று கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தூக்கிய கை அப்படியே நின்றது. நான் நிற்பதும் அதே இடம்.

காசை எண்ணாமல் அவன் நெஞ்சில் திணித்துவிட்டு ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் அது ஓட்டம் இல்லைதான், ஆனாலும் ஓடினேன். இத்தனை வருசமும் தப்பாக நினைத்திருக்கிறேன். அவள் வெளியே நின்று தட்டவில்லை. உள்ளே நின்றுதான் தட்டிக்கொண்டிருந்தாள். சன்னலைத் திறக்கச் சொல்லி அல்ல, என்னை வரச் சொல்லி.

முன்னறையில் யாரும் இல்லை. கங்கா மாவுக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

“நீ கூப்டியா?”

“இல்லியே ப்பா. மாவு பெசஞ்சிட்டிருந்தேன்.”

கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெண்மையாக இருந்தது. அதில் ஒரு கைத்தடம், விரல் ஐந்தும் தெளிவாக. கங்கா கையைக் கழுவி வந்து உள்பக்கம் துடைத்தாள். போகவில்லை. வெளியே போய்த் துடைத்தாள். போகவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது அது.

குகனேஸ்வரன் சேற்றுச் செருப்போடே உள்ளே வந்தான். கையில் ஒரு நூறு வெள்ளித் தாள். “நூறு கூட இருக்கு அங்கிள்” என்று நீட்டினான். பிறகு சன்னலைப் பார்த்தான். “சீல் சரியா பிடிக்கல. உள்ள ஈரம் பூந்திருக்கு. போடறப்பவே எவனோ கைய வெச்சிருக்கான். சும்மாவே மாத்தித் தரேன்.”

கங்கா கிட்டே போய் அந்தத் தடத்தின்மேல் தன் கையை வைத்தாள். சரியாகப் பொருந்தியது. அவளுக்கு அம்மாவின் கைதான்.

“மாத்த வேணாம் அண்ணா” என்றாள்.

இப்போது நாலு மணிக்கு நான் ரோட்டுப் பக்கம் போவதில்லை, யார் ஹாரன் அடித்தாலும். சன்னலடியில் நாற்காலி போட்டிருக்கிறேன். மூணரைக்கே உட்கார்ந்துவிடுகிறேன். கங்காவும் சில நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிறாள்.